இரண்டாம் வலை

டொக்ரர் நிவேதனா "பூச்சியம்" எண்டு சொன்னதுதான் தாமதம், லூர்த்தம்மாவுக்குத் தலைகால் தெரியேல்லை. மாதாவே! மனுசன் கிறகோரிக்குச் சாப்பாட்டுக் குழாயிலை புற்றுநோய் எண்டு தெரிஞ்ச நாள் தொடக்கம் அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கினதில்லை. வைத்தியத்துக்கு முன்னம் எடுத்த ஒரு குப்பி இரத்தத்திலை ஆறு புற்றுநோய்ச் செல்லுகள் ஓடித் திரிஞ்சதாம். இப்ப வைத்தியம் முடிய, ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்காரர் திரும்பத் தேடினால், ஒண்டுகூட இல்லையாம்.

"இப்பிடி இல்லாமல் போனவைக்கு வருத்தம் திரும்பி வாறது குறைவு, அம்மா," எண்டா டொக்ரர்.

லூர்த்தம்மா அதிலையே நிண்டு தங்கச்சிக்குப் போன் எடுத்தாள். "ஜெசிதா, நண்டு வாங்கி வையடி! ஞாயிற்றுக்கிழமை எங்கடை ஒழுங்கையிலை வீடு வீடா எல்லாருக்கும் நண்டுக் கூழ்!"

குருநகர்க் கடலிலை நாப்பது வருசம் வலை போட்ட கிறகோரி மட்டும் அசையேல்லை.

"பிள்ளை, ஒருக்கா வலை வெறுமையா வந்தால், கடல்லை மீனே இல்லையெண்டு சொல்லேலுமே?" எண்டு டொக்ரரைக் கேட்டார்.

"உங்களுக்கென்ன விசரே?" லூர்த்தம்மாவுக்கு வந்ததே கோபம்.

டொக்ரர் சிரிச்சிட்டா. "ஐயா கேட்டது சரி. இது ஒரு சின்னக் குப்பிதானே. அதாலைதான் மூண்டு மாசம் கழிச்சுத் திரும்ப எடுக்கிறம்."

"அதுவும் வெறுமையா வரட்டும். பிறகு கூழ் குடிக்கிறன்."

நண்டு வாங்கினது வாங்கினதுதானே. ஒழுங்கைச் சனமெல்லாம் குடிச்சுது. அவர் மட்டும் கஞ்சிக் கோப்பையோடை இருந்தார். வீம்பு பிடிச்ச மனுசன்!

அவரைத் திட்டித் திரிஞ்சாலும், லூர்த்தம்மா அந்த மூண்டு மாசமும் பயத்திலை செத்துப் பிழைச்சாள். ஒருநாள் கோயிலிலை முழந்தாளிலை நிண்டு, "அந்தோனியாரே, வலை வெறுமையா வரவேணும்" எண்டு வாய்விட்டே மன்றாடினாள். பக்கத்திலை இருந்த ஒழுங்கைக்காரி றஜனி துள்ளி எழும்பினாள்.

"ஐயோ அக்கா, வாயைக் கழுவுங்கோ! என்ரை மனுசன் வலையோடை கடலுக்குள்ளை நிக்கிறார்!"

விசயத்தைச் சொன்ன பிறகு, றஜனியும் பக்கத்திலை முழந்தாள் போட்டாள்.

இரண்டாம் முறை டொக்ரரே போன் எடுத்தா. "அம்மா, இந்த முறையும் வலையிலை ஒண்டும் படேல்லை! ஐயாட்டைச் சொல்லுங்கோ, பிறகும் இடைக்கிடை போட்டுப் பாப்பம்."

சேதி கேட்ட கிறகோரி எழும்பினார். பிறகு சறத்தை மடிச்சுக் கட்டினார். "நண்டு வாங்க நானே போறன். உமக்கு நல்ல நண்டு பாக்கத் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை முதல் பிளா கூழ் அவருக்குத்தான். பனையோலைப் பிளாவை வாயிலை வைச்சு உறிஞ்சினார். லூர்த்தம்மா அவரின்ரை தொண்டையையே பாத்தாள். இறங்கிச்சுது. இன்னொரு மிடறு. அதுவும் இறங்கிச்சுது.

"உறைப்புக் காணாது," எண்டார்.

அவருக்காகத்தான் பாத்துப் பாத்து மிளகாயைக் குறைச்சவள். லூர்த்தம்மா விக்கி விக்கி அழுதுகொண்டே மிளகாய்த்தூள் எடுக்கக் குசினிக்குள்ளை ஓடினாள்.