ஐந்தரை நிமிடம்

“நான் எழுதினது தப்புன்னு அதே பக்கத்துல போடுங்க சார். என் பேரோட போடுங்க.”

ஆசிரியர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் சொன்ன ஒரே சட்டம் இது. லீவு கேள், நல்ல நாற்காலி கேள், என்னோடு சண்டைகூடப் போடு. வெளிவந்த கட்டுரைக்குத் திருத்தம் போடச் சொல்லி மட்டும் வாயைத் திறக்காதே.

“என்ன எக்ஸ்பிரஸ், காலங்காத்தால?” என்றார்.

எக்ஸ்பிரஸ் நான்தான். மற்றவர்கள் இரண்டு நாள் உருட்டும் விமர்சனத்தை இரண்டு மணி நேரத்தில் எழுதி நீட்டுவதால் இங்கே கிடைத்த பட்டம். எங்கள் குடும்பத்துக்கு அது இரண்டாவது பட்டம். முதலாவதை வாங்கியவளும் நான்தான்.

முப்பது வருடப் பழைய விண்வெளிப் படம் ஒன்றை ஒரு பெரிய நிறுவனம் மறுபடி எடுத்து வெளியிட்டிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டு எழுதும் வேலை எனக்கு வந்தது. கதை இரண்டிலும் ஒன்றுதான். எங்கோ தூரத்தில் விண்கலத்தில் கணவன், பூமியில் மனைவி. கலம் பழுதாகிறது. உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டு அவள் செய்தி அனுப்புகிறாள். செய்தி போய்ப் பதில் வரப் பதினோரு நிமிடம் ஆகும். புதிய படத்தில் திரை மூலையில் சிவப்பு எண்கள் ஓடும், அதிகாரி மேசையைக் குத்துவார், அவள் அவர் சட்டையைப் பிடித்து உலுக்குவாள், ஒன்றரை நிமிடத்தில் பதில் வந்துவிடும். பழைய படத்தில் அவள் சமையலறையில் உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான்.

பழையதை பஸ்ஸில், ஃபோனில் பார்த்தேன். கைக்கடிகாரத்தை வைத்து அந்தக் காட்சியை அளந்தேன். ஐந்தரை நிமிடம். அல்வா மாதிரி கிடைத்தது. ‘பதினோரு நிமிடம் என்கிறது வசனம், ஐந்தரையில் வந்து நிற்கிறது பதில். மேதை இயக்குநருக்குக் கணக்கு வராது போலிருக்கிறது’ என்று எழுதினேன். ஆளாளுக்குப் பகிர்ந்து சிரித்தார்கள். புதியதோடு சேர்த்துப் பழையதையும் சின்ன அரங்கில் ஒரு வாரம் ஓட்டுவதாக இருந்த தியேட்டர் அந்த எண்ணத்தைக் கைவிட்டது.

அப்போது எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கல்லூரியில் இந்த மாதிரிப் படங்களின் பெயரைச் சொல்லித்தான் என்னை ஓரங்கட்டினார்கள். “இதைக்கூடப் பார்த்ததில்லையா?” என்று புருவத்தைத் தூக்கியவர்கள் வீட்டில் மெதுவாகப் பார்க்க சோபா இருந்தது. எனக்கு பஸ்ஸில் நிற்கவே இடமில்லை.

ஆறாம் நாள் ஃபோன் வந்தது. பழைய படத்தின் தொகுப்பாளர், ஒரு வயசான அம்மா. சண்டைக்கு வருகிறார் என்று நானும் வரிந்துகட்டிக்கொண்டு எடுத்தேன்.

“ஏம்மா, அந்தக் காட்சிய நான்தான் தொகுத்தேன். சரியாப் பதினோரு நிமிஷம். ஒரு நொடி குறைய விடல. நீங்க பார்த்த பிரதியில யாராவது கை வச்சிருக்காங்களா?”

குரலில் கோபமே இல்லை. யாரோ குழந்தையைக் கிள்ளிவிட்டார்கள் என்கிற கவலைதான் இருந்தது. காதிலிருந்து ஃபோனை எடுத்துப் பார்த்தேன். அன்று பஸ்ஸில் நிறுத்திய இடத்திலேயே படம் இன்னும் நின்றிருந்தது. ஓரத்தில் பொடி எழுத்தில்: வேகம், இரண்டு மடங்கு.

துணிக்கடையில் வேலைக்கு நின்றுகொண்டே கல்லூரி படித்தவள் நான். மூன்று வருடப் பாடப் பதிவுகளையும் போகிற வழியில் ஃபோனில் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்டேன். அந்த வேகத்தை அப்புறம் மாற்றியதே இல்லை. உலகம் பேசுகிற வேகமே அதுதான் என்று காது பழகிவிட்டது. அந்தக் காட்சியிலோ பேச்சே இல்லை, இருந்திருந்தாலும் எனக்கு உறைத்திருக்காது.

“ஆமா மேடம், வெட்டியிருப்பாங்க போல” என்றேன்.

அவர் நம்பினார். படத்தை இணையத்தில் ஏற்றியிருந்த திரைப்படக் காப்பகத்துக்கு எழுதினார். இணையத்தில் இப்போது இருக்கும் பிரதியில் காட்சி முழுசாகத்தான் இருக்கிறது. அதுவே வினையாகப் போனது. வெட்டிய பிரதியை ஏற்றிவிட்டு, என் கட்டுரை வந்ததும் கமுக்கமாக மாற்றிவிட்டார் என்று அதை ஏற்றிய ஊழியர்மீது குற்றம் விழுந்தது. பதினெட்டு வருடம் அங்கே வேலை பார்த்த மனிதர். வெள்ளிக்கிழமை விசாரணை, அதுவரை வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள். சாட்சி என் வாய்ச்சொல்.

ஞாயிறு மத்தியானம் படத்தைச் சரியான வேகத்தில் போட்டேன். என் அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

“என்னடி இவ, புடிச்சு வச்ச மாதிரி உக்காந்திருக்கா?”

“பேசாம பாரும்மா.”

“கெட்டில் கொதிக்குதுடி. எந்திரிக்க மாட்டேங்கிறாளே!”

அம்மா கையில் என் சட்டை பாதி மடிப்பில் நின்றது. திரையில் தண்ணீர் வற்றி, கெட்டிலின் அடி கருகி, புகை கிளம்பியும் அவள் எழவில்லை. பஸ்ஸில் பார்த்தபோது அந்தக் கெட்டில் இருந்ததே எனக்குத் தெரியாது.

பதில் வந்ததும் அம்மா பெருமூச்சு விட்டாள். “உன் கடைசிப் பரீட்சை ரிசல்ட்டு அன்னிக்கு நானும் இப்படித்தான். அடுப்புல எதை வச்சேன்னே தெரியல.” சட்டையை மடித்து முடித்தாள். “இந்தப் படத்தையா நீ கிண்டல் பண்ணின? பக்கத்து வீட்டக்கா வாசிச்சுக் காட்டினா. நானும் சிரிச்சேனே.”

இன்றைக்கும் கேட்டால் புதிய படத்துப் பெண்ணைத்தான் எனக்குப் பிடிக்கும். அவள் சட்டையைப் பிடித்துக் கேட்கிறாள். ரசனை வேறு, நான் செய்த தப்பு வேறு.

இதையெல்லாம் ஆசிரியரிடம் சொல்லி முடித்தேன். நாற்காலியைத் திருப்பினார்.

“சரி, தொழில்நுட்பக் கோளாறுன்னு ஒரு வரி போட்டுடலாம். உன் பேரு எதுக்கு?”

“கோளாறு நான் சார்.”

“படத்த ஓட்டி ஓட்டிப் பாக்குற விமர்சகின்னு ஊரே சிரிக்கும். அப்புறம் எந்தப் பத்திரிகையும் உன்னைச் சேத்துக்காது.”

“போன வாரம் அந்தம்மாவப் பார்த்துச் சிரிச்ச ஊருதானே. சிரிக்கட்டும்.”

“கஷ்டப்பட்டுப் படிச்சு மேல வந்த பொண்ணு நீ. உங்க வீட்டை நெனச்சுப் பாரு.”

இந்த வசனத்துக்காகத்தான் காத்திருந்தேன் போல. “எங்க வீட்டை இழுக்காதீங்க. காப்பகத்துல வீட்டுக்கு அனுப்பினாங்களே ஒரு மனுஷன், அவருக்கு வீடு கிடையாதா?”

“வெள்ளிக்கிழமை தாண்டட்டும்மா. ரெண்டு நாளு. பொறுக்க மாட்டியா?”

“வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நீங்க போட்டா என்ன, போடாட்டி என்ன?”

“நான் போட மாட்டேன்னா?”

“தெரியும் சார். அதனாலதான் காலையிலேயே ரெண்டு பேருக்கும் எழுதி அனுப்பிட்டேன். காப்பகத்துக்கு ஒண்ணு, அந்தம்மாவுக்கு ஒண்ணு. பொய் சொன்னதையும் சேர்த்து.”

“அப்புறம் எதுக்கு இங்க வந்து என் உயிரை வாங்குற?”

“சிரிக்க வச்ச இடம் இது. திருத்தம் போடச் சொல்லி இங்கயும் கேக்கணும்ல.”

கழுத்திலிருந்த அலுவலக அட்டையைக் கழற்றி அவர் விசைப்பலகைமேல் வைத்தேன். “எக்ஸ்பிரஸ், ஒரு நிமிஷம்” என்றார். நான் திரும்பவில்லை.

வெளியே வந்து ஃபோனைப் பார்த்தேன். அந்த அம்மாவிடமிருந்து பதில் இல்லை. படித்தாரா என்றும் தெரியவில்லை. விசாரணை நடத்துபவர் முகத்துக்கு நேராகவும் ஒருமுறை சொல்ல வேண்டும். காப்பகம் பக்கம் போகிற பஸ் பத்தரைக்கு. மாடிப்படியில் இறங்கினேன்.