சூடு ஏறும் நாள்

"வாயத் திற," என்றார் கணவர்.

அவள் இன்னும் கண்ணையே திறக்கவில்லை. நாக்கின் அடியில் வெப்பமானி சில்லென்று நுழைந்தது.

"பேசாத. எழுந்து உக்காந்தா அளவு கெட்டுடும்."

தலைவாரி, சட்டையில் மடிப்புக் கலையாமல், கட்டிலோரம் நின்றுகொண்டிருந்தார். பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடுவது அவர் வேலை. எந்த வண்டி எப்போது கிளம்பும், எங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்பதெல்லாம் அவர் சொன்னபடிதான் நடக்கும். நடக்காவிட்டால் அது ஓட்டுநரின் குற்றம், அல்லது சாலையின் குற்றம், எதுவும் அகப்படாவிட்டால் மழையின் குற்றம்.

குழந்தை வேண்டும் என்று இருவரும் முடிவெடுத்ததும் அந்த ஞானம் முழுக்க வீட்டுப் பக்கம் திரும்பியது. கருமுட்டை வெளிவருவதை ஒட்டிப் பெண்ணின் உடற்சூடு சற்று ஏறும் என்று எங்கோ படித்திருந்தார். பாதி படித்தால் போதும், மீதியை அவரே எழுதிக்கொள்வார். சூடு ஏறும்வரை ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும், "சக்தியச் சேமிக்கணும்." ஏறிவிட்டால் அன்றைக்குத்தான் நாள். அந்தக் காலைகளில் சாப்பாட்டு மேசையில் தொண்டையைச் செருமுவார். மாமியாருக்கு அந்தச் செருமல் மனப்பாடம்.

"ஏன்டா, இன்னிக்கு நான் உங்க அக்கா வீட்டுக்குப் போகணுமா?"

"போனா உனக்கும் காத்தாட இருக்கும்மா."

"எனக்குக் காத்து இங்கயே வருது," என்றபடி மாமியார் துணிப்பையை எடுப்பார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மருமகள் காதில், "அதிகாரி உத்தரவு போட்டுட்டாரு. இனி உன் பாடு," என்பார்.

இப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

அவள் துணிக்கடை ஒன்றில் அளவு திருத்தித் தரும் தையல்காரி. வயிறு தெரியத் தொடங்கிய பெண்கள் இடுப்பைக் கொஞ்சம் விட்டுத் தரச் சொல்லி வருவார்கள். வயிற்றைச் சுற்றி நாடாவைப் பிடித்து அளவைக் குறித்துக்கொள்வாள். அவர்கள் போன பிறகு, ஊசியில் நூல் கோக்க மூன்று நான்கு முறை ஆகும். ஒவ்வொரு மாதமும் தூரமாகும்போது, தன் உடம்பு ஏதோ ஒரு வேலை தெரியாத உடம்பு என்று அவள் உறுதியாக நம்பத் தொடங்கியிருந்தாள்.

அந்த உடம்பு சும்மா இருந்ததில்லை. சூடு ஏறுவதற்குச் சில நாள் முன்பே முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி ஒரு வழவழப்பு படும். அந்த நாட்களில் பக்கத்தில் படுத்திருக்கும் மனிதர்மேல் காரணமில்லாமல் ஆசையும் வரும். ஒருமுறை கூச்சத்தை விழுங்கிவிட்டுச் சொல்லிப் பார்த்தாள். "அதெல்லாம் அளக்க முடியாதும்மா," என்று பெருந்தன்மையாகச் சிரித்தார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

கோபப்படலாம்தான். ஆனால் தூரமான நாட்களில் அவர் வெந்நீர்ப் பையை நிரப்பிக்கொண்டு வந்து அவள் முதுகுக்கு அணை கொடுத்துவிட்டு, கால்மாட்டில் உட்கார்ந்திருப்பார். ஓட்டுநர், சாலை, மழை என்று உலகத்தையே குற்றம் சொன்ன மனிதர் அவளை நோக்கி ஒருநாளும் விரல் நீட்டியதில்லை. அதை நினைத்தால் அவளுக்குக் கோபம் ஆறிவிடும்.

கடைசியில் ஒரு பெண் மருத்துவரிடம் போனார்கள். இருவருக்கும் எல்லாப் பரிசோதனையும் நல்லபடியாக வந்திருந்தது.

"நாங்க திட்டம் போட்டுத்தான் செய்யறோம் டாக்டர்," என்று கணவர் விளக்கத் தொடங்கினார். அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"சூடு ஏறின அன்னிக்கு மட்டுமா? அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி கண்டிப்பா எதுவும் கிடையாது," என்றார் பெருமையாக.

"சார், முட்டை வெளிய வந்தப்புறம்தான் சூடு ஏறும். நீங்க பாக்கறதுக்குள்ள காரியம் முடிஞ்சுடும். அதுக்கு முந்தின நாலஞ்சு நாள்தான் முக்கியம். வழவழன்னு படுமே, அதுதான் அடையாளம்." அவள் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமேம்மா?"

கணவரின் காது மடல் சிவப்பதை அவள் பார்த்தாள்.

"நான் சரியா கவனிக்கல டாக்டர்," என்றாள்.



"இல்ல டாக்டர்," என்றார் கணவர், மேசையைப் பார்த்தபடி. "அவ சொன்னா. நான்தான் காதுல வாங்கல."

மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "வெப்பமானிய ஓரமா வைங்க. ரெண்டு மூணு நாளைக்கு ஒருதரம் சேந்திருங்க, போதும். ஆறு மாசம் பாப்போம்."

வெளியே வந்து சாலையைக் கடக்க நின்றார்கள்.

"மாசாமாசம் வண்டிய அனுப்பிட்டு, அப்புறமா ஆளுங்கள நிறுத்தத்துக்கு வரச்சொல்லியிருக்கேன்," என்றார். "பணிமனையில யாராவது இப்படிப் பண்ணியிருந்தா அன்னிக்கே சீட்டக் கிழிச்சிருப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் முட்டியது. வேலை தெரியாத உடம்பு இல்லை இது. யாரும் கேட்காதபோதும் மாதந்தவறாமல் வந்து சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறது. அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு," என்று இழுத்தார். குரலில் அதிகாரி இல்லை. "உனக்கு எப்படி இருக்கு?"

அவள் யோசித்தாள். விளக்கு பச்சையானது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே அவர்களை இடித்துக் கடந்து போனார்கள். மறுபடி சிவப்பானது, மறுபடி பச்சையானது. அவர் அவள் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, தலையைச் சற்றுத் தாழ்த்தி, அவள் சொல்லப்போவதற்காக நின்றுகொண்டிருந்தார்.