பத்துச் சிப்பம், ஒரு சாண்

இசக்கிப்பாண்டி பேரம் பேசாமல் ஒரு பொருளை வாங்கினால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு செரிக்காது. ராகுகாலத்தைக்கூடக் கால்மணி குறைத்துக் கேட்கிற ஆள் என்று அவர் மனைவி ஆவுடையம்மாளே சொல்வாள். திருவொற்றியூரில் மொத்த மளிகைக் கடை. அப்படிப்பட்டவர் அன்று காலை விம்கோ நகரில், மெக்கானிக் மதியின் ஷெட்டில், ஒரு முழ ரப்பர் குழாய்க்காக மல்லுக்கு நின்றார்.

மதி வியாசர்பாடிக்காரி. எண்ணூரில் ஒரு கம்பெனி லாரிகளைப் பத்து வருடம் பார்த்துவிட்டுச் சொந்தமாக ஷெட் போட்டவள். அண்ணாச்சியின் பதினேழு வயது ஆம்னி வேனுக்கு அடியிலிருந்து மூன்று பிரேக் ஹோஸ்களைக் கழற்றி வந்து அவர் கையில் வைத்தாள்.

"மடக்கிப் பாரு அண்ணாச்சி. கருவாடு மாரி கீது."

மடக்கினார். ஒன்றில் விரிசல் வாயைப் பிளந்தது.

"இது ஒண்ணுதானேம்மா கெட்டிருக்கு? இத மட்டும் மாத்து."

"மூணும் ஒரே நாள்ல பொறந்தது. ஒண்ணு செத்துப்போச்சு, ரெண்டு நடிச்சிகினு கீது. நீ மிதிக்கசொல்ல ஆயில் சக்கரத்துக்குப் போவணும். இது பலூன் மாரி உப்பிகினு நடுவுலயே முழுங்கிடுது."

"சரி, ரெண்டு மாத்து."

"மாத்தறேன். எந்தச் சக்கரம் நிக்கவேணாம்னு நீயே சொல்லு."

மூன்றையும் மாற்றச் சொன்னார்.

மறுநாள் பத்து மணிக்கு எஃப்.சி., வண்டியின் தகுதிச் சோதனை. போன மாதமே பிரேக் சரியில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். இந்தத் தடவையும் தவறினால் வண்டி காயலான் கடைக்குத்தான். வண்டி போனால் விம்கோ நகரிலிருந்து வள்ளூர் வரை அவர் சரக்குப் போடுகிற இருபத்திரண்டு பெட்டிக்கடைகளும் கூடவே போய்விடும். புது மினி லாரி எடுத்திருக்கும் போட்டிக் கடைக்காரர் தேவப்பிரியம் அந்தக் கடைகளுக்கெல்லாம் ஏற்கெனவே காலண்டர் கொடுத்து முடித்திருந்தார்.

புது ஹோஸ்கள் ஏறின. குழாய்க்குள் தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். அண்ணாச்சி பெடலில் உட்கார, மதி சக்கரத்தருகே குனிந்தாள்.

"மிதி... புடி... வுடு."

முன் சக்கரங்களில் ஆயில் பீய்ச்சி அடித்தது. பின்னால் வந்தபோது மூக்கு ஒழுகுவதுபோல் சொட்டியது. முப்பது தடவை மிதித்தும் அதே ஒழுகல்தான்.

"என்னம்மா, புது ஹோஸுக்கும் பழைய புத்தியா?"

மதி டார்ச்சோடு அடியில் நுழைந்தாள். சற்று நேரம் கழித்து அவரையும் கூப்பிட்டாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் தன் வண்டியின் வயிற்றைப் பார்த்தார்.

"இதோ பாரு, அச்சுலேர்ந்து மேல ஒரு கம்பி போவுது. சரக்கு ஏறினா இந்த வில்லுப் பட்டை வளைஞ்சு பாடி கீழ எறங்கும். அப்போ கம்பி மேல தள்ளி வால்வைத் தொறக்கும், பின் சக்கரத்துக்கு ஆயில் நெறையப் போவும். வண்டி காலியா இருந்தா கம்மி பண்ணிடும். இல்லாங்காட்டி பின் சக்கரம் லாக் ஆயி வண்டி சுத்திரும்."

"அடேயப்பா, அடியில ஒரு தராசுல்லா வச்சிருக்கான்!"

"ஆங், தராசுதான். எடை போட்டுப் பாக்கலாம். சரக்கு ஏத்து."

பெட்டிக்கடைகளுக்காகக் கொண்டுவந்து ஷெட்டில் இறக்கி வைத்திருந்த அரிசியில், இருபத்தைந்து கிலோச் சிப்பம் பத்து வண்டியில் ஏறியது. ஏற்றுமுன் அச்சுக்கும் பாடிக்கும் நடுவே மதி கையை விரித்து அளந்தாள்: ஒரு சாண். ஏற்றிய பிறகும் ஒரு சாண்.

அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா! கால் டன் ஏத்தியும் ஒரு விரக்கடை எறங்குச்சா? இதுல்லா வண்டி!"

மதி டார்ச்சைப் பட்டைகள் மேல் அடித்தாள். "கம்பெனி வெச்சதுக்கு மேல ரெண்டு பட்டை கீது. யார் வேலை?"

அண்ணாச்சியின் வேலைதான். ஓவர்லோடு ஏற்றினால் வண்டி வால் தாழும், வால் தாழ்ந்தால் சாலையில் மறிப்பார்கள். இரண்டு பட்டை சொருகிவிட்டால் இருபத்தைந்து சிப்பம் ஏற்றினாலும் வண்டி மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நிற்கும். அவர் மூளையில் உதித்த யோசனை அது. பஜாரே மெச்சியது.

"மறிக்கிறவனுக்குப் பொய் சொன்னே, சரி. கம்பிக்கும் அதே பொய்யத்தான் சொல்லிகினு கீற. வண்டி காலின்னு நெனச்சிகினு பின் பிரேக்க அது மூடியே வெச்சிருக்கு."

அவருக்குச் சட்டென்று காசிமேடு நினைவுக்கு வந்தது. போன மாதம் விடியற்காலை, வண்டி நிறையச் சரக்கு. மீன்காரி பூவம்மாவின் கூடையை முட்டுவதற்கு ஒரு கை அகலம் இருக்கும்போதுதான் வண்டி நின்றது. பூவம்மா அவருடைய ஏழு தலைமுறையையும் வரிசையாகக் கூப்பிட்டு விசாரித்தாள். அன்றைக்குப் பழியைச் சாலை ஈரத்தின் மேல் போட்டிருந்தார்.

இருந்தாலும் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். "அந்தக் கம்பிய மேல தூக்கிக் கட்டிட்டா?"

"கட்டலாம். நாளைக்குப் பாஸ்கூட ஆவும். அப்பாலிக்கா மழையில காலியாத் திரும்பசொல்ல சுத்திகினு போயி யார் மேல ஏறுவேன்னுதான் தெர்ல."

தராசு விஷயத்தில் மட்டும் அவர் கறார். முத்திரை போட வரும் அதிகாரி அவர் கடையில் ஒரு கிராம் குறை கண்டதில்லை. கடையில் தலைக்கு மேலே தொங்கும் தராசைத் துடைத்து வைத்துவிட்டு, காலடியில் இருந்ததை எட்டு வருடமாகக் கள்ளத் தராசாக ஓட்டியிருக்கிறார்.

"ரெண்டு பட்டையையும் உருவிரும்மா. இனிமே வண்டிக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவுதான் ஏத்துவேன்."

"ஒண்ண எடுத்தாப் போதுமான்னு கேக்கலியா?"

"எடுடி தாயி, மானத்த வாங்காத."

பட்டைகளை உருவிவிட்டு அதே பத்துச் சிப்பத்தை ஏற்றினார்கள். சாண் நாலு விரலாகச் சுருங்கியது. அவர் மிதிக்க, பின்னாலிருந்து ஆயில் பீய்ச்சி மதியின் சட்டையை நனைத்தது. அவள் திட்டிக்கொண்டே சிரித்தாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, நாற்பதில் போய் மிதிக்கச் சொன்னார். மிதித்தார். வண்டி மூக்கைக் குத்தாமல், வாலை ஆட்டாமல், நாலு காலையும் ஊன்றி நின்றது. இன்ஸ்பெக்டர் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலுக்கு வந்ததும் முதல் வேலையாக, வள்ளூரில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ரமாபாய்க்குப் போன் போட்டார். இனி ஒரே நடையில் எல்லாச் சரக்கும் அடங்காது, இரண்டு நடை போயாக வேண்டும். ஆனால் அதை அப்படியே சொன்னால் அவர் வியாபாரியா?

"ரமாபாய், நாளையிலேர்ந்து நம்ம வண்டி மத்தியானமும் வருது. இந்த லைன்ல வேற எவனும் ரெண்டு தடவ வாரதில்ல, தெரியும்லா?"

"மெய்யாலுமா? தேவப்பிரியம் காலீல ஒரு தபாதான் வருவேன்னாரு. அப்போ மத்தியானத்துக்கு ரொட்டி, முட்டையும் போட்டுகினு வா அண்ணாச்சி."

ரொட்டிக்கும் முட்டைக்கும் கனமே கிடையாது. இசக்கிப்பாண்டி சாவியைத் திருகினார்.