லேசான பேன்

முட்டை நான்ஸ்டிக் பேனில் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். கணவன் இரும்புக் கரண்டியால் சுரண்டிப் பார்த்தான். வரவில்லை. பேனோடு வீசினான். அது அவள் காதோரத்தை உரசிச் சுவரில் மோதி, தரையில் சுழன்று அடங்கியது. மஞ்சள் கரு சுவரில் வழிந்தது. அவள் சுவரைத் துடைத்தபின்தான் காதைத் துடைத்தாள்.

"சாயங்காலம் போய் உருப்படியா ஒண்ணு வாங்கு. வருஷத்துல எத்தனை? காசு என்ன கொட்டியா கெடக்கு?"

கரண்டியால்தான் பூச்சு உரிகிறது என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அதற்கு வாங்கிய அடி இன்னும் தோளில் வலிக்கிறது.

கடைக்கு அக்காவும் வந்தாள். தையல்காரி, எதையும் புரட்டி உள்பக்கம் பார்க்காமல் வாங்கமாட்டாள். கணவன் வாசலில் பைக்கிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கடைக்காரர் பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார். "ஏழு கோட்டிங்மா. விலை கொஞ்சம் கூடத்தான்."

"ஏழு சட்டை போட்டா ஒல்லிக்குச்சி பயில்வான் ஆயிடுவானா?" அக்கா அதைக் கண்ணாடி மேசையில் வைத்து ஓரத்தை அழுத்தினாள். ஆடியது. "அடி சமமா இல்ல. எண்ணெய் ஒரு பக்கமா ஓடும்."

நடுத்தட்டிலிருந்து இன்னொன்று. பாதி விலை. அடி தடிமன். அழுத்தினாலும் அசையவில்லை.

"இதுதான்டி. மரக்கரண்டி மட்டும் போடு, வருஷக்கணக்கா உழைக்கும்."

அவள் தூக்கிப் பார்த்தாள். கை தாழ்ந்தது. திருப்பி வைத்துவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த மெல்லியதை எடுத்தாள்.

"இது போதும்க்கா."

"தகரம்டி இது! போன தடவையும் இதையேதான வாங்கின? சூடு பட்டதும் வளையும்."

"லேசா இருக்குக்கா."

"லேசா இருந்து என்ன? எடுத்து எறியவா போறோம்?"

அக்கா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு காதோர முடியை மெதுவாக ஒதுக்கினாள். கையை எடுக்கவில்லை.

"கடையையே வாங்கறீங்களா ரெண்டு பேரும்?" அவன் உள்ளே வந்தான். மேசையிலிருந்த கனமானதை எடுத்து ஆட்டிப் பார்த்தான். "இது ஜோரா இருக்கே."

அவன் ஓங்கவேயில்லை. ஆனால் அவள் கைகள் தாமாகவே தலையை மூடின. கடையில் எல்லோரும் திரும்பினார்கள்.

"என்னடி நடிக்கற?" அறை விழுந்தது. உதடு கிழிந்தது. "ஊர் முன்னால என்னை அசிங்கப்படுத்தறியா?" இப்போது நிஜமாகவே பேனை ஓங்கினான்.

கனமானதை ஓங்க நேரம் பிடிக்கும். லேசானது அவள் கையில் இருந்தது.

விளிம்பு அவன் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பில் பட்ட சத்தம் அவளுக்கே கேட்டது. கனமான பேன் நழுவி, அவன் செருப்புக் காலில் அடிப்பாகம் பட விழுந்தது. அவன் அலறிக்கொண்டு உட்கார்ந்தான். எழ முயன்றவனின் சட்டைக் கழுத்தை அக்கா பிடித்து வாசல்படியில் தள்ளினாள். கடைக்காரர் பாதிக் கதவை இழுத்துச் சாத்தினார்.

அவள் கீழே கிடந்த கனமானதை எடுத்து, மேசையில் வைத்து ஓரத்தை அழுத்தினாள். அசையவில்லை.

"இதைக் குடுங்க. ஒரு மரக்கரண்டியும்."

"எந்த வீட்டுக்குடி?" என்றாள் அக்கா.

"உன் வீட்டுக்கு. நானும்தான் வரேன்."

கடைக்காரர் வளைந்துபோன தகரத்தைத் தூக்கிக் காட்டினார். "அப்போ இதுக்குக் காசும்மா?"

அவள் உதட்டு ரத்தத்தைத் துடைத்தாள். "வெளிய உக்காந்திருக்காரே, அவர்கிட்ட வாங்கிக்குங்க."