நாலு மணிக்கு மூடும் கதவு

ஜெபம் பண்ணியே ஒருத்தருடைய ஓட்டைக் கெடுக்க முடியுமா? எங்கள் நெபோ மலைச் சபையால் முடிந்தது.

தேர்தலுக்கு முன்பே ஓட்டுப்போட விடும் ஒரே ஞாயிறு அது. ஆராதனை முடிந்ததும் எல்லாரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். வேன் ஓட்டுவது நான். முன்பெல்லாம் சபைக்கு எதிரே இருக்கும் பள்ளிக்கூடத்திலேயே போட்டுவிடலாம். அந்த ஓட்டுச்சாவடியை மூடிவிட்டார்கள். இப்போது மாவட்டம் மாதிரியான கவுண்டியின் அலுவலகம் வரை போகவேண்டும், நாலு மணிக்குக் கதவை அடைத்துவிடுவார்கள்.

இந்த வழக்கத்தை ஆரம்பித்ததே சிஸ்டர் ஒசெல்லாதான். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி எங்கள் எல்லாரையும் வாக்காளர் ஆக்கினார். நான் நாற்பது வயது வரை ஓட்டே போடாதவன். “ஏன்டா ஹோசியா, உன் வேன் மட்டும் உள்ள போய் ஓட்டுப் போட்டுட்டு வருமா?” என்று கேட்டுத்தான் என்னை இறக்கினார்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் காலையில் அட்லாண்டாவில் அவருக்கு இதய ஆபரேஷன். முன்னதாக ஒரு வார நாளிலேயே ஓட்டுப்போடக் கூட்டிப்போகிறேன் என்று கெஞ்சினேன். “என் சபையோட போய்த்தான்டா போடுவேன்” என்றார்.

ஆராதனை முடியும் நேரத்தில் பாஸ்டர் கிரையர் அவரை முன்னால் அழைத்து நெற்றியில் எண்ணெய் பூசினார். சின்ன ஜெபம்தானே என்று நான் வேனைக் கிளப்பி வைத்தேன். பாஸ்டர் முடித்ததும் மூப்பர் தொடங்கினார். பிறகு மூத்த தாய்மார் ஒவ்வொருவராக. நடுவில் பாட்டுக்குழு வேறு. எல்லார் கையும் அவர் தலையிலும் தோளிலும் இருந்தது. நான் வாசலில் நின்று கடிகாரத்தைக் காட்டினேன். வெள்ளைக் கையுறை போட்டு வாசலில் ஆட்களை உட்காரவைக்கும் லவோனியா உதட்டில் விரலை வைத்து முறைத்தாள். ஹாரன் அடித்தேன். அதற்கும் யாரோ “ஆமென்” என்றார்கள்.

ஒசெல்லா ஒருமுறை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவருக்கும் நேரம் தெரிந்தது. தன் உயிருக்காக அழுகிறவர்களிடம் போதும் என்று எப்படிச் சொல்வது? மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

பறந்துதான் போனேன். கதவு மூடியிருந்தது.

“லைன் முடிஞ்சிருச்சும்மா. தேர்தல் அன்னைக்கு வாங்க” என்றான் வாசலில் நின்ற காவலாளி.

“அன்னைக்கு நான் எங்க இருப்பேனோ தம்பி.”

பாஸ்டர் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார். அந்த ஆள் தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

திரும்பும்போது பாஸ்டர் விம்மி விம்மி அழுதார். “எல்லாம் என்னாலதான் சிஸ்டர்.”

“விடுங்க பாஸ்டர். கர்த்தர் வீட்டுக் கதவ நாலு மணிக்கு அடைக்கமாட்டாங்க” என்று சிரித்தார் ஒசெல்லா. வேனில் யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, “ஆனா போட்டிருக்கலாம்டா ஹோசியா. போட்டிருந்தா நிம்மதியாப் படுத்திருப்பேன்” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். எனக்கு எல்லார் மேலும் ஆத்திரம் வந்தது. யாரைத் திட்டுவது?

ஆபரேஷன் மேஜையிலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை. சனிக்கிழமை அடக்கம். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற பாஸ்டர் நாலே வாக்கியம் ஜெபித்துவிட்டு, பழக்கமில்லாத அவசரத்தோடு கடிகாரத்தைப் பார்த்தார்.

வாழ்நாளெல்லாம் அவர் ஜெபத்தின் நீளத்தைத் திட்டியவன் நான். என்னை அறியாமல் பின்வரிசையிலிருந்து கத்திவிட்டேன்.

“நீட்டுங்க பாஸ்டர். இன்னைக்கு அவங்களுக்கு எங்கேயும் போகவேண்டியதில்ல.”