சட்டைப் பையில் ஸ்கேல்

கட்டட வரைபடம் போடும் அந்த அலுவலகத்தில் மேனேஜர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் நாற்காலிகளுக்குப் பின்னால் நடப்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்கேல். தாளை நீட்டினால் அளந்துவிட்டுத்தான் பேச்சு. “ஜன்னல இந்தப் பக்கம் தள்ளு. தள்ளுன்னா அதுக்குன்னு இவ்வளவா?”

‘ஸ்கேல்’ என்று அவருக்குப் பெயர் வைத்தது, அங்கே படம் வரையும் ஒருவனின் மனைவி. மாலையில் கதவைத் திறக்கும்போதே கேட்பாள்: “இன்னிக்கு ஸ்கேல் என்ன அளந்துச்சு?” அவன் செருப்பைக் கழற்றாமலே அவரைப்போல நடந்து காட்டுவான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். வாங்கிய திட்டெல்லாம் அந்தச் சிரிப்பில் கரைந்துவிடும்.

அவள் இறந்தபின் அவன் வேலைக்குத் திரும்பியபோது, மேனேஜர் அவன் நாற்காலிப் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போனார். அவன் தாளில் மட்டும் அளக்காமலே கையெழுத்துப் போட்டார்.

“உனக்கு மட்டும் விடுதலை தம்பி. எங்களுக்கும் வழி சொல்லேன்” என்றாள் பக்கத்து மேஜை அக்கா. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

அவனுக்கு அந்த விடுதலை வேண்டியிருக்கவில்லை. வீடுதான் மாறிப்போயிற்று, இங்கேயாவது எல்லாம் பழையபடி இருக்கட்டுமே என்றிருந்தது. வேண்டுமென்றே தப்புச் செய்தான். சமையலறைக் கதவைத் திறந்தால் அடுப்பில் இடிக்கும்படி வைத்தான். படிக்கட்டில் ஒரு படியை விழுங்கினான். மறுநாள் எல்லாம் சத்தமில்லாமல் திருத்தப்பட்டிருந்தன. மேனேஜரே உட்கார்ந்து திருத்தியிருந்தார்.

அடுத்த வரைபடத்தில் கூடத்துக்கு ஜன்னலே வைக்காமல், தாளை நேரே அவர் மேஜைக்கு எடுத்துப் போனான்.

“அளந்து பாருங்க சார்.”

“நீ போட்டா சரியாத்தான் இருக்கும்பா.”

“சரியில்ல சார். பழைய மாதிரி திட்டுங்க. புண்ணியமாப் போகும்.”

அவர் அவனையே பார்த்தார். பிறகு ஸ்கேலை எடுத்துத் தாளின்மேல் வைத்தார்.

“கூடத்துக்கு ஜன்னல் எங்கே? உள்ளே இருக்கறவன் மூச்சு விட வேண்டாமா? புத்தி எங்க மேயப் போச்சு?” குரல் ஏறியது. அக்கா எட்டிப் பார்த்தாள். அவனுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. “படுக்கையறையில இது என்ன, கட்டில்ல ஒரே ஒரு…”

ஸ்கேல் நின்றது.

அவனும் குனிந்து பார்த்தான். இருவர் படுக்கும் கட்டில். தலைமாட்டில், நட்டநடுவே, ஒரே தலையணை. அதை மட்டும் அவன் வேண்டுமென்று செய்யவில்லை.

“அது இருக்கட்டும்பா.”

“சொல்லுங்க சார்.”

“ரெண்டு வேணும்பா” என்றார் அவர், தாளைப் பார்த்தபடியே.

அவன் இருந்ததை அழித்துவிட்டுப் பென்சிலால் இரண்டு வரைந்தான். அவர் குனிந்து நடுவிலுள்ள இடைவெளியை அளந்தார்.

“இன்னும் கொஞ்சம் பக்கத்துல” என்றார்.