நான்காம் கதவின் ஒடியா வாசகம்

ஒடிசாக்காரன் ரகுநாத் மாஜி பதினோரு நாளாக விடுப்பு விண்ணப்பமாக இருந்தான். கோவையில் அந்தப் பம்பு கம்பெனியில் அதுதான் நடைமுறை. லீவு கேட்பவர் கணினியில் தன் பெயரைத் தட்டியதும் விண்ணப்பமாகிவிடுவார். பிறகு நீண்ட நடைபாதையில் நான்கு கதவுகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு கதவும் அவரவர் தாய்மொழியில் ஒரு வாசகத்தைக் காட்டிவிட்டுத் திறக்கும்.

அந்த வாசகங்களை ஏற்றுபவள் கனகமணி. மொத்தம் பதினெட்டு மொழி. அவளுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அந்தந்த மொழிக்காரரைக் கேன்டீனில் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் விரல் காட்டும் எழுத்தை அப்படியே தட்டிவிடுவாள். அவள் நடையைப் பார்த்தால் பதினெட்டும் தெரிந்தவள் போலிருக்கும்.

நான்காம் கதவில் ஒடியாவுக்கான கட்டம் மட்டும் காலி. அதை ஏற்றவேண்டிய அன்று அவளுக்குப் பல்வலி. காலிக் கட்டத்தில் சுவர் வளர்ந்துவிட்டது. மாஜி அதன் முன்னால் நின்றான். போவோர் வருவோர் அவன்மேல் முத்திரை குத்திப் பார்த்தார்கள். சுவர் அசையவில்லை.

கனகமணி வந்தாள்.

“என்ன தம்பி அவசரம்?”

“பாப்பா பொறந்து நாளைக்கு இருபத்தோராம் நாள் அக்கா. எங்க ஊர்ல அன்னைக்குத்தான் பேர் வைப்பாங்க. நான் இல்லேன்னா மாமனார் அவரோட அம்மா பேரை வச்சிருவாரு.”

“அது என்ன பேரு?”

மாஜி சொன்னான். அந்தப் பெயர் முடிவதற்குள் நடைபாதை கொஞ்சம் நீண்டது.

“சரி, வாசகத்தைச் சொல்லு.”

மேலாளர் வரதப்பன் சுவரிலிருந்து தலையை நீட்டினார். “விண்ணப்பத்தையே கேட்டு மொழிபெயர்க்கறதா? நாளைக்கு ரப்பர் ஸ்டாம்பு வந்து ப்ரமோஷன் கேக்கும்.”

“வேற ஒடியாக்காரங்க யாருங்க சார் இருக்காங்க?”

“இவன் ஒருத்தன்தான். இவனும் இப்பக் காகிதம்.”

கனகமணி ‘திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பு’ பொத்தானை அழுத்தினாள். மாஜி நடைபாதையின் தொடக்கத்தில் மனிதனாக நின்றான். பதினோரு நாளும் அழிந்துபோயின.

“மறுபடி மொதக் கதவா அக்கா?”

“ஆமா. சொல்லிட்டு ஓடு.”

அவன் விரல் காட்டினான், அவள் தட்டினாள். ஒரு விடுப்பு வாசகத்துக்கு அது ரொம்ப நீளம். நடுவில் அவன் ஒருமுறை கண்ணைத் துடைத்தான், ஒருமுறை சிரித்தான். அவள் ஏனென்று கேட்கவில்லை. அடுத்தவர் வாசகத்தில் அவள் தலையிடுவதில்லை.

பிறகு மாஜி தன் பெயரைத் தட்டி விண்ணப்பமாகி ஓடினான். மூன்று கதவுகள் திறந்தன. நான்காவதில் சுவர் அந்த உருண்டை எழுத்துகளை நிதானமாகப் படித்தது. இன்னொரு தடவையும் படித்தது. விலகிக்கொண்டது.

அந்தப் பக்கம் மறுநாள் காலை. அவன் வீட்டு முற்றம். ஒரு பெரியவர் குழந்தையின் காதருகே குனிந்து வாயைத் திறந்திருந்தார். மாஜி அவரைத் தோளால் தள்ளிவிட்டுக் குனிந்தான். கதவு சாத்திக்கொண்டது.

வரதப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதவை உற்றுப் பார்த்தார்.

“என்னம்மா எழுதியிருக்கு?”

“தெரியாதுங்க சார்.”

“தெரியாதா?”

கனகமணி முந்தானையால் அந்த வாசகத்தின் மேலிருந்த தூசியைத் துடைத்துவிட்டு, இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தாள்.

“ஆனா ஒரு எழுத்துகூடத் தப்பில்லைங்க.”